சொலானீஸுக்கு ஒரு ஞானத்தாய்

பெத்தி-கோவ் பஸ் நிறுத்தத்தில் இறங்குகிறவர்களின் மூக்கில் முதலில் ஏறுவது சொலானீஸின் எண்ணெய் வாசம்தான். தட்டிப் பொரித்த வாழைக்காய், சர்க்கரைவள்ளித் துண்டு, கையில் காசிருப்பவர்களுக்குப் பன்றிக்கறி வறுவல், எல்லாவற்றோடும் கண்ணில் நீர் வரவைக்கும் காரமான முட்டைக்கோஸ் ஊறுகாய். இரண்டு கையிலும் முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். சுட்டால் பச்சைத் தண்ணீரில் கையை வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். பற்பசை தடவு, காபித்தூள் வை என்று யோசனை சொன்னவர்களிடம், "மசாலா தடவிட்டு அப்புறம் கையையும் பொரிச்சு விக்கவா?" என்பாள். ஒரு காயமும் சீழ் பிடிக்காமல் ஆறியதற்கு அதுவே காரணம்.

அவள் பிறந்தது மலை மேலே. சின்ன வயதிலேயே ஊருக்குள் ஒரு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும், நாங்கள் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம் என்று அந்த வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். சொன்னபடி தினமும் அனுப்பத்தான் செய்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரை போவாள், பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து தரை துடைப்பாள். இதைச் சொல்லும்போது சொலானீஸ் அழுததில்லை. "தரை துடைக்கறதுல எனக்கு டிகிரி உண்டு" என்று மட்டும் சொல்வாள்.

மீன் பிடிக்கும் மெரிலுஸோடு சேர்ந்து வாழ ஆரம்பித்து, மகள் விதெலீன் பிறந்தபோது, சொலானீஸ் ஒன்றே ஒன்றைத்தான் முடிவு செய்தாள்: இவள் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும். கட்டணம், புத்தகம், யூனிஃபார்ம், கறுப்பு ஷூ, யூனிஃபார்ம் நிறத்திலேயே ரிப்பன் என்று எல்லாம் வேண்டும். ரிப்பன் நிறம் மாறினால் பிள்ளையை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாழைக்காய் விற்று அவ்வளவும் முடியாது. மெரிலுஸின் படகு வருஷத்தில் பாதி நாள் கரையில் கவிழ்ந்து கிடக்கும்.

ஆகவே ஞானத்தாய். இந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு அப்பா இல்லாவிட்டால் யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். ஞானத்தாய் யார் என்று எல்லோரும் கேட்பார்கள். ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளையைப் பிடிப்பவளுக்கு, பிள்ளையைப் படிக்கவைப்பதும் கடமையில் சேர்த்தி. அன்றிலிருந்து பெற்றவளும் அவளும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், 'மக்கொமே' என்றுதான் கூப்பிடுவார்கள். மக்கொமேயோடு சண்டை போடக்கூடாது, மக்கொமே கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது.

சொலானீஸ் நன்றாக யோசித்து, ஊரிலேயே பெரிய இரும்புக்கடை வைத்திருந்த ஒதிலோனின் மனைவியைப் பிடித்தாள். மதாம் ஒதிலோன் தொப்பி வைத்துக்கொண்டு வந்தாள், பிள்ளையைப் பிடித்தாள், போட்டோ எடுத்துக்கொண்டாள், பரிசாக ஒரு ஜோடி சாக்ஸ் கொடுத்தாள். அடுத்த பிறந்தநாளுக்கும் சாக்ஸ். அதற்கடுத்ததற்கும் அதே. பிள்ளையின் கால் வளர்ந்தது, சாக்ஸின் அளவு வளரவில்லை.

விதெலீனுக்கு ஆறு வயது ஆனபோது சொலானீஸ் மதாம் ஒதிலோன் வீட்டுக்குப் போய், "மக்கொமே, பிள்ளை பள்ளிக்கூடம் போற வயசாச்சு" என்றாள்.

"ஐயோ, காலம் எப்படிப் பறக்குது மக்கொமே!" என்று மதாம் ஒதிலோன் ஆச்சரியப்பட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய் சாக்ஸ் எடுத்துவந்தாள்.

அந்த வாரமே சொலானீஸ் மலைக்கோயிலுக்கு நடந்தாள். அங்கே திருவிழா. வெளியூர்ச் சாமி வந்து மொத்தமாக ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார். மலைக்கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் வரும் தையல்காரி மாம்செல் எர்சிலியிடம் ஏற்கனவே பேசி வைத்தாயிற்று. எர்சிலிக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை கிடையாது. பள்ளி திறக்கும் முன்னால் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேரின் யூனிஃபார்ம் அவள் தையல் மெஷினில்தான் வளரும். தனக்கென்று ஒரு பிள்ளைக்கும் தைத்ததில்லை. கேட்டவுடன் சரியென்றாள்.

"இந்தப் பிள்ளைக்கு முன்னாடியே ஞானஸ்நானம் ஆயிருக்கா?" என்று சாமி கேட்டார்.

"இல்லீங்க சாமி" என்றாள் சொலானீஸ்.

தொட்டிமேல் குனிந்திருந்த விதெலீன் தலையை நிமிர்த்தி, "அம்மா, மறுபடியுமா?" என்றாள்.

சாமிக்கு ஒரு காது மந்தம். அது மாதாவின் புண்ணியம். வீடு திரும்பும் வழியில் விதெலீனுக்கு இரண்டு கை நிறையப் பொரித்த சர்க்கரைவள்ளி கிடைத்தது, வாயை மூடிக்கொள்வதற்கு.

எர்சிலி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கட்டணம் கட்டினாள், யூனிஃபார்ம் தைத்தாள், ரிப்பனை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டாள். விதெலீன் படித்தாள், வகுப்பில் முதல் மூன்றுக்குள் வந்தாள், வாய் அம்மாவைப் போலவே நீண்டது. எர்சிலி மலைக்கோயில், மதாம் ஒதிலோன் ஊர்க்கோயில், ஆகவே இருவரும் சந்திக்கவில்லை. இதற்காகச் சொலானீஸ் பட்ட பாடு கொஞ்சமில்லை. வலது பக்கத்திலிருந்து ஒரு மக்கொமே வந்தால் இடது பக்கம் பார்த்து, இன்னொரு மக்கொமே வருகிறாளா என்று உறுதி செய்துகொண்டுதான் வாயைத் திறப்பாள்.

எல்லாம் புதுநன்மை அன்று வெளிவந்தது.

பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். ஊர்க்கோயிலில்தான் நடக்கும், தப்ப வழியில்லை. சொலானீஸ் போட்ட கணக்கு ஒன்றுதான்: வெள்ளைக் கவுன் வாங்கித் தரவேண்டும் என்பதற்காகவே மதாம் ஒதிலோன் வரமாட்டாள். ஆனால் கொடுப்பதற்குத்தான் மதாம் ஒதிலோனுக்குக் கை வராது, போட்டோவுக்கு நிற்க எப்போதும் நேரமிருக்கும் என்பதை மறந்துபோனாள்.

எர்சிலி தைத்த வெள்ளைக் கவுனில் விதெலீன் கோயில் வாசலில் நிற்க, எர்சிலி அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். புதுத் தொப்பியோடு மதாம் ஒதிலோன் வந்து சேர்ந்தாள். கையில் ஒரு மெழுகுவர்த்தி, தன் மகளின் புதுநன்மைக்கு வாங்கிப் பாதி எரிந்தது.

"நகரும்மா, பிள்ளை பக்கத்துல நான் நிக்கணும்" என்றாள் மதாம் ஒதிலோன்.

"நீங்க எதுக்கு நிக்கணும்?" என்றாள் எர்சிலி.

"நான் ஞானத்தாய்."

"யாருக்கு?"

"இந்தப் பிள்ளைக்குத்தான். நீ யாரு, தையல்காரிதானே?"

"நானும் இந்தப் பிள்ளைக்குத்தான் ஞானத்தாய். வருஷா வருஷம் பணம் கட்டற ஞானத்தாய்."

"தொட்டில பிடிச்சவ நான்!"

"நானும் தொட்டிலதான் பிடிச்சேன், அடுப்புலயா பிடிச்சேன்?"

இருவரும் ஒரே நேரத்தில் சொலானீஸ் பக்கம் திரும்பினார்கள். சொலானீஸ் கோபுரத்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மக்கொமே!" என்றாள் மதாம் ஒதிலோன்.

"மக்கொமே!" என்றாள் எர்சிலி.

"சொல்லுங்க" என்றாள் சொலானீஸ், யாரையும் பார்க்காமல்.

கூட்டம் கூடிவிட்டது. அன்னாசிப் பழம் விற்பவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தாள். பங்குச் சாமி வெளியே வந்தார். நியாயமான மனுஷர், ஆனால் பூசைக்கு நேரமாகிறது.

"முதல்ல விழுந்த தண்ணிதான் ஞானஸ்நானம்" என்றார். "இரண்டாவது தரம் விழுந்தது குளியல். அதுக்கு ஞானத்தாய் தேவையில்ல, சோப்பு போதும். மதாம் ஒதிலோன், உள்ள வாங்க."

கூட்டம் சிரித்தது. எர்சிலி சிரிக்கவில்லை. முக்காட்டில் குத்தக் கையில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டுவிட்டு நடந்து போய்விட்டாள். விதெலீன் பாதி எரிந்த மெழுகுவர்த்தியோடு உள்ளே போனாள்.

*

பள்ளி விடுமுறை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அடுத்த வகுப்புக்குக் கட்டணம் கட்டவில்லையென்றால் விதெலீனின் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். கன்னியாஸ்திரிகள் நல்லவர்கள்தான், வாசலில் காத்திருக்கும் பிள்ளைகள்தான் அதிகம்.

சட்டப்படி ஞானத்தாயாகிவிட்ட மதாம் ஒதிலோனிடம் சொலானீஸ் போனாள். மதாம் ஒதிலோன் காபி கூடக் கொடுத்தாள்.

"நான் யோசிச்சு வச்சிருக்கேன் மக்கொமே. பிள்ளை இங்க என் வீட்லயே இருக்கட்டும். வீட்டு வேலைக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருப்பா. நானே பள்ளிக்கூடம் அனுப்பறேன்."

சொலானீஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த வாக்கியம் ஒரு எழுத்து மாறாமல் அவளுக்குத் தெரியும். வேறு வீட்டில், வேறு வாயிலிருந்து கேட்டது.

"உங்க வீட்டுத் தரை நல்லாத்தான் இருக்கு மக்கொமே" என்றாள். "என் பொண்ணு தொடைச்சா கெட்டுப்போயிடும்."

நேரே எர்சிலி வீட்டுக்கு நடந்தாள். எர்சிலி மெஷினை நிறுத்தவில்லை.

"வாங்க மதாம்" என்றாள்.

மதாம்! அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது சொலானீஸுக்கு.

"மக்கொமே, தப்பு என் பேர்லதான்..."

"யாருக்கு யார் மக்கொமே? நான் சோப்பு."

"பிள்ளைய ஒதிலோன் வீட்டுல விடச் சொல்றாங்க."

மெஷின் நின்றது. எர்சிலி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பணம் என்கிட்ட இருக்கு" என்றாள். "இந்த வருஷத்துக்கும் எடுத்துத்தான் வச்சிருக்கேன். ஆனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மதர்கிட்ட போய்க் கட்டுவேன்? 'நீங்க பிள்ளைக்கு என்ன உறவு'ன்னு கேட்டா? ஊரே சிரிச்சுட்டுப் போச்சே. ஒரு உறவும் இல்லாதவ எதுக்கு வந்து பணம் கட்டறான்னு கேக்கமாட்டாங்களா? எனக்கு ஒரு உறவு வேணும் சொலானீஸ். சும்மா தர்மம் பண்ண நான் என்ன ஒதிலோன் பொண்டாட்டியா?"

மதாம் ஒதிலோன் ஒருநாளும் தர்மம் செய்ததில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் எர்சிலி சொன்னதில் நியாயம் இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொலானீஸ் யோசித்தாள். ஞானத்தாய் வைக்கும் சடங்கு வேறென்ன இருக்கிறது? உறுதிபூசுதல் சடங்குக்குப் பெரிய சாமியான ஆயர் வரவேண்டும், அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. படகுக்கு ஞானத்தாய் வைப்பார்கள்தான். மெரிலுஸின் படகுக்கு ஏற்கனவே ஒருத்தி இருந்தாள், படகு ஒருதரம் முழுகியதிலிருந்து அவள் தெருவில் கண்டாலும் பேசுவதில்லை. புது வீட்டுக்கு வைப்பார்கள். அவர்கள் இருந்தது வீடா என்பதே விவாதத்துக்குரியது.

மிச்சம் ஒன்றுதான் இருந்தது.

மெரிலுஸ் கரையில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெரிலுஸ், நாம கல்யாணம் பண்ணிக்கணும்."

"யாரு செத்தா?" என்றான் அவன் நிமிராமல்.

"யாரும் சாகல."

"அப்ப உனக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

இப்போது நிமிர்ந்தான். "அப்ப எனக்குத்தான் ஏதோ. டாக்டரம்மா உன்கிட்ட என்ன சொன்னாங்க? மறைக்காம சொல்லு."

பிழைக்கமாட்டார் என்று தெரிந்த பிறகு கட்டிலிலேயே சாமியை வரவழைத்துக் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் இந்தக் கரையில் உண்டு. அவன் பயந்ததில் தப்பில்லை. சொலானீஸ் விஷயத்தைச் சொன்னாள்: கல்யாணப் பெண்ணுக்கும் ஒரு ஞானத்தாய் நிற்க வேண்டும். பயம் தெளிந்து கோபம் வந்தது.

"இத்தன வருஷம் ஒரு சண்டை சச்சரவு இல்லாம இருக்கோம். கல்யாணம் பண்ணி யாரு நல்லா இருந்தா சொல்லு பாப்போம்? ஒதிலோனப் பாரு!"

"அது சரிதான்."

"கல்யாணம் பண்ணவன் வீட்டுல நாலு நாற்காலி இருக்கணும். வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

"நிக்கட்டும்."

"மோதிரம்?"

"எர்சிலி விரல்ல போடற தையல் கவசம் ஒண்ணு பழசு இருக்கு, அத வாங்கி மாட்டிக்க. மெரிலுஸ், இது உனக்காகவும் இல்ல, எனக்காகவும் இல்ல. பள்ளிக்கூடத்துக்காக. மாட்டேன்னா சொல்லிடு, நாளைக்கே விதெலீன ஒதிலோன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடலாம். நீயே கூட்டிட்டுப் போ. துணி மூட்டையையும் நீயே தூக்கு."

மெரிலுஸ் வலையின் கிழிசலுக்குள் கையை விட்டு, அந்தப் பக்கம் வெளியே வந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோட்டு யாருகிட்ட இரவல் வாங்கறது?" என்று கேட்டான்.

அதுதான் அவன் சம்மதம்.

பங்குச் சாமி சந்தோஷப்பட்டார். மாதா திருவிழாவுக்கு முன்னால், மோதிரம் மாற்றாமல் சேர்ந்து வாழ்கிற ஜோடிகளுக்கெல்லாம் கட்டணமில்லாமல் ஒரே பூசையில் கல்யாணம் செய்துவைக்கப்போவதாக ஞாயிறுதோறும் அறிவித்துக்கொண்டிருந்தார், ஆள் சேரவில்லை. முதலில் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். சொலானீஸ் இரண்டாவது ஞானஸ்நானத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"அது ஊருக்கே தெரியும்" என்றார் சாமி. "எனக்குத் தெரியாதத சொல்லு."

பிறகு அவள் எர்சிலியிடம் போனாள்.

"எனக்கு ஞானத்தாயா நிக்கணும்."

"எனக்குன்னா யாருக்கு?"

"எனக்கேதான். கல்யாணம் பண்ணிக்கப்போறேன்."

எர்சிலி கண்ணாடியைக் கழற்றினாள். "நான் உன்னவிட இளையவ."

"சாமிகிட்ட கேட்டாச்சு. வயசு பாக்கறதில்லையாம்."

"இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது கல்யாணம் ஆகி, அங்க வேற ஒரு ஞானத்தாய் இருக்காளா?"

"மாதா சத்தியமா இல்ல."

"மாதாவ விடு. மெரிலுஸ வரச்சொல்லு, அவன்கிட்ட கேட்டுக்கறேன்."

கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் இஞ்சு டேப்பை எடுத்து சொலானீஸின் இடுப்பை அளந்தாள். அளவைச் சத்தமாகச் சொல்லவும் செய்தாள், பழிக்குப் பழி. வெள்ளைத் துணி என்று எர்சிலியிடம் இருந்தது பள்ளிக்கூடச் சட்டைத் துணி மட்டுமே. அதில்தான் கல்யாணக் கவுன். தைத்து முடித்துப் போட்டபோது, பல வருஷமாகத் தேர்வில் தோற்று அதே வகுப்பில் உட்கார்ந்துவிட்ட ஒரு பெரிய மாணவி போல இருந்தாள் சொலானீஸ். மெரிலுஸின் இரவல் கோட்டின் கை அவன் விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. மோதிரம் மாட்டவே கையைத் தேட வேண்டியிருந்தது. விதெலீன் முன் பெஞ்சில் உட்கார்ந்து, தன் அப்பா அம்மா கல்யாணத்தை நேரில் பார்க்கிற கொடுப்பினை தன் வகுப்பில் யாருக்கும் இல்லை என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். உண்மையில் பாதிப்பேருக்கு அந்தக் கொடுப்பினை அதே பூசையில்தான் கிடைத்துக்கொண்டிருந்தது.

மதாம் ஒதிலோன் வரவில்லை, பரிசு அனுப்பியிருந்தாள். ஒரு ஜோடி சாக்ஸ், லேஸ் வைத்தது, கைக்குழந்தை அளவு.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் எர்சிலி ஞாயிற்றுக்கிழமைக் கவுனைப் போட்டுக்கொண்டு கன்னியாஸ்திரிகளிடம் போனாள். சொலானீஸ் பின்னாலேயே போனாள். கேட்க வேண்டியதை மதர் கேட்டார்: "பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

"பிள்ளையோட அம்மாவுக்கு நான் ஞானத்தாய்" என்றாள் எர்சிலி. "அப்படின்னா பிள்ளைக்கு என்ன முறைன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க, படிச்சவங்க."

மதர் கணக்குப் போடவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு விதெலீன் பேரை எழுதினார். வெளியே வந்ததும் சொலானீஸ் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். எர்சிலி பக்கத்தில் நின்று, கூட்டம் பார்க்கிறது, எழுந்திரு, கவுன் அழுக்காகிறது என்றாள்.

திங்கட்கிழமை பிற்பகல், பஸ் நிறுத்தத்தில் அடுப்பு முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தபோது எர்சிலி வந்தாள். ஒரு கையில் சிலேட்டு, இன்னொரு கையில் சீப்பு.

"கிளம்பு."

"எங்க?"

"கோயில் மண்டபத்துல பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர்றாங்க. உன் பேரக் கொடுத்துட்டேன்."

"எனக்கெதுக்கு அது?"

"ஞானத்தாயோட வேலை என்ன? பிள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்பறதுதானே? எனக்கு இந்தப் பாடம் எடுத்தது நீதான்."

"நான் பிள்ளையா?"

"மாதா முன்னாடி நின்னு ஒத்துக்கிட்டல்ல?"

சொலானீஸ் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். எண்ணெய் வீணாகிவிடும். வியாபாரம் போய்விடும். கண் சரியாகத் தெரியாது. நாளையிலிருந்து வருகிறேன். இந்த வயதில் என்ன படிப்பு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றவர்கள் சொல்லும் சாக்குகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தன, எல்லாவற்றுக்கும் பதிலும் அவளே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். எர்சிலி பதில் சொல்லும் சிரமம் கூடப் படவில்லை. முக்காலியில் உட்காரவைத்துத் தலையை வாரினாள், இழுத்து வாரினாள், விதெலீனுடையது போலவே ஒரு நீல ரிப்பன் கட்டினாள்.

கடையை மெரிலுஸிடம் விட வேண்டியதாயிற்று. அவன் முதல் வாழைக்காயைப் போட்டு, எடுத்து, தட்டி, மறுபடி பொரித்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவனே தின்றான்.

"ரெண்டாவதும் நீயே தின்னா வீட்டுக்கு வராத" என்றாள் சொலானீஸ்.

"போ போ, மணி அடிச்சிடப்போறாங்க" என்றான் மெரிலுஸ்.

தெருவில் டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். "சொலானீஸ்! வீட்டுப்பாடம் முடிச்சியா?" "டீச்சர்கிட்ட அடி வாங்கிட்டு வா, நாங்க மருந்து போடறோம்!" அவளும் விடவில்லை, அவர்கள் அம்மாக்களின் படிப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நடந்தாள். மூலை திரும்பியதும், முன்னால் போகும் எர்சிலியின் முதுகைப் பார்த்துக்கொண்டே, ரிப்பனை உருவிச் சட்டைக்குள் செருகினாள்.

"கட்டு" என்றாள் எர்சிலி, திரும்பிப் பார்க்காமலே.

சொலானீஸ் சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, ரிப்பனை எடுத்துக் கட்டினாள்.